குழாய்க் கிணற்று நீரில் பாஷாணம்: படம் காட்டுவதும் காட்டாததும்

உழவுக்கும் உயிருக்கும் ஒருங்கே ஆதாரமானது நீர். நீரின் குற்றங்களுள் கண்ணுக்குத் தெரிவன சில, தெரியாதன பல. கலங்கல், பாசி, உவர்ப்பு, துர்நாற்றம் ஆகியவற்றைக் குடியானவர் எவரும் அறிவர். அறிந்து விலக்கவும் செய்வர். ஆனால் தெளிந்து, குளிர்ந்து, நாவுக்கு இனிதாயிருக்கும் நீரே பல்லாண்டுகளில் உடலைச் சிறிது சிறிதாய்க் கெடுக்குமாயின், அதைக் கண்டுகொள்வது எவ்வாறு? ஒரு கிணற்றில் கெடுதி உண்டென்று தெரிந்தபின் பக்கத்துக் கிணற்றை நம்பலாமா? இக்கேள்விகள் வங்காள தேசத்தில் கோடிக்கணக்கான கிராம மக்களின் முன் எழுந்தன. அவற்றிற்கு விடை காண அந்நாட்டில் கையாளப்பட்ட முறைகளுள் ஒன்று, நோயையும் நீரையும் நிலத்தையும் ஒரே படத்தில் அமைத்து, கணிப்பொறியின் துணைகொண்டு கணக்கிட்டு ஆராய்வதாகும். அம்முறையால் விளைந்த நன்மையும் அதன் எல்லையும், கிணற்று நீரை நம்பி வாழும் விவசாயிகள் யாவரும் அறியத்தக்கன.

குழாய்க் கிணறுகள் வந்த வரலாறு

வங்காள தேசம் ஆறுகளால் ஆன நாடு. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் மலைகளிலிருந்து கொணர்ந்த வண்டல் படிந்து உண்டான சமவெளியே அதன் பெரும்பகுதி. அங்குக் கிராமத்தார் முற்காலத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வந்தனர். அந்நீரின் வழியாக வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் பரவிப் பல குழந்தைகளைக் கொண்டுபோயின. இத்துன்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு 1970களில் சர்க்காரும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமாகிய யுனிசெப்பும் ஊர்தோறும் கைப்பம்பு பொருத்திய குழாய்க் கிணறுகளை இறக்கத் தொடங்கின. வண்டல் மண்ணில் குழாய் இறக்குவது எளிது, செலவும் சொற்பம். ஆதலின் மக்களும் தம் கைப்பொருளைச் செலவிட்டு வீட்டுக்கு வீடு கிணறு இறக்கிக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டிலிருந்த குழாய்க் கிணறுகளின் தொகை 60 லட்சத்துக்கும் ஒரு கோடியே 10 லட்சத்துக்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்பட்டது.

நோக்கம் நல்லது, நோய்க் கிருமிகளற்ற நீர் கிடைத்ததும் உண்மை. எனினும் அந்நீரில் பாஷாணம் உண்டாவென்று அக்காலத்தில் எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பாஷாணம் என்று இங்குக் கூறப்படுவது ஆர்ஸெனிக் என்னும் மூலப்பொருள். எலிகளைக் கொல்லப் பயன்பட்ட வெள்ளைப் பாஷாணமும், நாட்டு வைத்தியர்கள் சுத்தி செய்து மருந்தில் சேர்க்கும் அரிதாரமும் மனோசிலையும் இதன் கூட்டுப் பொருள்களே. பெரிய அளவில் உட்கொண்டால் உடனே கொல்லும். மிகச் சிறிய அளவில் நாள்தோறும் நீருடன் உட்சென்றால் பல ஆண்டுகள் கழிந்தே தன் வேலையைக் காட்டும். முதலில் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முண்டு முண்டாக வெடிக்கும். காலஞ்செல்லச் செல்லத் தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகியவற்றில் புற்றுநோயும், இருதய நோயும் உண்டாகக்கூடும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. இதை அறியாத அயலார் குஷ்டமென்று அஞ்சி, நோயுற்றவரை விலக்கி வைத்ததும், பெண்களுக்கு மணம் கூடாமற் போனதும் உண்டு.

மேற்கு வங்காளத்தில் இத்தகைய தோல் நோயுற்றோர் 1983ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள உஷ்ணப் பிரதேச மருத்துவப் பள்ளியில் டாக்டர் கே. சி. சாஹா அவர்களால் அடையாளங் காணப்பட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1993இல், எல்லைக்கு அப்பால் வங்காள தேசத்துச் சாப்பாய் நவாப்கஞ்ச் ஜில்லாவின் கிணற்று நீரிலும் பாஷாணம் இருப்பது உறுதியாயிற்று. அதன்பின் எழுந்த கேள்வி ஒன்றே: இக்கேடு எவ்வளவு தூரம் பரவியுள்ளது?

ஒரு பம்பும் பல லட்சம் பம்புகளும்

நோயைப் படத்தில் குறித்து அதன் காரணத்தை நாடும் வழக்கம் புதிதன்று. 1854ஆம் ஆண்டில் லண்டன் நகரின் ஸோஹோ பகுதியில் காலரா கடுமையாகப் பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் கோடுகளாகக் குறித்தார். கோடுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு பம்பைச் சுற்றி நெருங்கி நின்றன. பம்புக்கு அருகிலேயே இருந்தும், சொந்தக் கிணறுடைய ஏழையர் விடுதியில் சாவு மிகக் குறைவு. பீர் வடிக்கும் ஆலையில் வேலை செய்தோரும் தப்பினர், ஏனெனில் அவர்கள் பம்பு நீரைப் பருகுவதில்லை. இவற்றையெல்லாம் விசாரித்தறிந்து, பம்பின்மேல் தாம் கொண்ட ஐயத்தை அவர் வலுப்படுத்திக்கொண்டார். அவருடைய வேண்டுகோளின்படி செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

வங்காள தேசத்தின் நிலையோ வேறு. அங்குப் பம்பு ஒன்றன்று, பல லட்சம். காலரா சில நாட்களில் கொல்லும். பாஷாணமோ ஆண்டுகள் பல கடந்தபின் தாக்கும். அதற்குள் குடும்பங்கள் இடம் பெயர்வதுண்டு, கிணறுகளும் மாறுவதுண்டு. ஆதலின் கண்ணால் பார்த்துப் புள்ளிகளை எண்ணுவது போதாது. இருப்பிடம், ஆழம், நீரின் தன்மை, நோயாளர் தொகை ஆகிய யாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வல்ல கருவி தேவைப்பட்டது. அக்கருவியே இடஞ்சார்ந்த புள்ளிவிவர நிரல்கள் எனப்படும் கணிப்பொறி ஏற்பாடு.

நாடு தழுவிய சோதனை

1998, 1999ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு ஸ்தாபனமும், வங்காள தேசத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் இலாகாவும் கூடி நாடெங்கும் நீர் மாதிரிகளைச் சேகரித்தன. சிட்டகாங் மலைப்பகுதியின் மூன்று ஜில்லாக்கள் நீங்கலாக, மற்ற 61 ஜில்லாக்களிலும் 3,534 கிணறுகள் சோதிக்கப்பட்டன. சராசரியாக 37 சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிணறு என்பது கணக்கு. ஒவ்வொரு கிணற்றின் இருப்பிடமும் ஆழமும் குறிக்கப்பட்டன.

குடிநீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் பாஷாணம் இருத்தலாகாதென்பது அந்நாட்டின் வரம்பு. இருபதாயிரம் லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம் கரைந்திருந்தால் இந்த அளவு எய்திவிடும் என்பதிலிருந்து இதன் நுட்பம் விளங்கும். உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறும் அளவோ இதனினும் குறைவு. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

சோதனையின் முடிவு அச்சந்தருவதாயிருந்தது. 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுடைய கிணறுகளில் நூற்றுக்கு 27 வரம்பை மீறின. அதற்கு மேற்பட்ட ஆழமுடையவற்றில் நூற்றுக்கு ஒன்றே மீறிற்று. தென்கிழக்கிலுள்ள சாந்த்பூர் ஜில்லாவில் பத்துக் கிணறுகளில் ஒன்பது கெட்டிருந்தன. வடமேற்கின் பல ஜில்லாக்களில் அநேகமாக எல்லாக் கிணறுகளும் நல்லனவாயிருந்தன.

கணிப்பொறி செய்யும் வேலை

மூவாயிரத்துச் சொச்சம் கிணறுகளின் அளவைக் கொண்டு பல லட்சம் கிணறுகளைப் பற்றி யாதேனும் கூறுவது எங்ஙனம்? இதன் அடிப்படை உழவர் அறியாததன்று. அடுத்தடுத்த இரண்டு வயல்களின் மண் பெரும்பாலும் ஒத்திருக்கும். அடுத்த ஊர் மண் சிறிது வேறுபடும். அடுத்த ஜில்லா மண் முற்றிலும் வேறாயிருக்கலாம். அதாவது, தூரம் பெருகப் பெருக ஒற்றுமை குறைகிறது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறைகிறதென்பதைக் கணிப்பொறி முதலில் அளந்துகொள்கிறது. சோதித்த கிணறுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றின் இடைத்தூரத்தையும் பாஷாண வேறுபாட்டையும் ஒப்பிட்டு ஒரு வளைகோடு வரைகிறது. இதற்கு வேரியோகிராம் என்று பெயர்.

அடுத்த படி கிரிகிங் எனப்படுவது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஆங்காங்கே துளையிட்டு எடுத்த சில மாதிரிகளைக் கொண்டு இடைப்பட்ட பாறையின் பொன்னளவை மதிப்பிட டானி கிரிகே என்னும் சுரங்கப் பொறியாளர் 1951இல் ஒரு வழி வகுத்தார். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஜார்ஜ் மாத்தரோன் அதைக் கணித முறையாக வளர்த்து, அவர் பெயரையே அதற்கு இட்டார். சோதிக்காத ஓரிடத்தின் அளவை மதிப்பிடும்போது, சுற்றியுள்ள சோதித்த கிணறுகளில் அருகிலுள்ளவற்றிற்கு மிகுதியான மதிப்பும், தொலைவிலுள்ளவற்றிற்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பது இதன் சாரம். எவ்வளவு கூட்டிக் குறைப்பதென்பதை வேரியோகிராம் கற்பிக்கிறது. மதிப்பீட்டுடன் அதில் நேரக்கூடிய பிழையின் அளவையும் இம்முறை தருவது இதன் தனிச்சிறப்பு.

வங்காள தேசத்துக் கணக்கில் கிரிகிங்கின் ஒரு வகையைக் கையாண்டு, வரம்பு மீறப்படுவதற்கு ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு உண்டென்று காட்டும் படம் வரையப்பட்டது. அப்படத்தை மக்கள் தொகையுடன் சேர்த்துப் பார்த்து, மூன்றரைக் கோடிப் பேர் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட நீரையும், 5 கோடியே 70 லட்சம் பேர் 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட நீரையும் பருகுவதாக மதிப்பிட்டனர்.

நோயாளர் எங்கே வழக்கத்துக்கு மிஞ்சி நெருங்கியுள்ளனர் என்பதைக் காண வேறொரு முறை உண்டு. படத்தின்மேல் ஒரு வட்டத்தை வைத்து, அதைச் சிறிதும் பெரிதுமாக மாற்றி, எல்லா இடங்களுக்கும் நகர்த்தி, உள்ளே இருக்க வேண்டிய நோயாளர் தொகையையும் இருக்கும் தொகையையும் ஒப்பிடுவது அது. தற்செயலாகவும் அவ்வாறு நெருங்கி நிற்கக்கூடுமா என்பதைச் சோதிக்க, நோயாளரைப் படத்தில் கண்டபடி இறைத்து, அதே கணக்கைப் பலநூறு முறை மறுபடி போட்டுப் பார்க்கும். 1997இல் மார்ட்டின் குல்டார்ஃப் என்பார் விரிவாக வெளியிட்ட இம்முறைக்குரிய ஸாட்ஸ்கேன் என்னும் நிரலும், கிரிகிங் செய்யும் ஜிஸ்டாட் என்னும் நிரலும், படம் வரையும் க்யூஜிஐஎஸ் என்னும் நிரலும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆதலின் சிறிய கல்லூரியும் ஜில்லா அலுவலகமும்கூட இவற்றைக் கையாளலாம். கருவி எளிதிற் கிடைப்பதாலேயே முடிவும் எளிதிற் கிடைத்துவிடுமென்று கருதலாகாது. அளந்த அளவு பிழையாயின் அழகிய படமும் பிழையே.

படம் வெளிப்படுத்திய உண்மை

நாட்டுப் படத்தைப் பூமி சாஸ்திரப் படத்தோடு ஒப்பிட்டபோது காரணம் விளங்கலாயிற்று. பாரிந்த், மதுப்பூர் ஆகிய மேட்டு நிலங்களின் பழைய மண் செம்பழுப்பு நிறமானது. அங்கு நீர் பெரும்பாலும் தூயது. ஆற்றுச் சமவெளியின் இளைய வண்டலோ சாம்பல் நிறமானது. கேடு அங்கேதான் மிகுதி. இமயத்திலிருந்து வந்த வண்டலில் மணல் துகள்களின்மேல் இரும்புத் துருப் படிந்துள்ளது. பாஷாணம் அத்துருவில் ஒட்டியுள்ளது. புதைந்த இலைதழைகள் மண்ணுக்கடியில் மட்கும்போது நுண்ணுயிர்கள் அங்குள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. பின்னர் அவை துருவைக் கரைக்க, அதனோடு ஒட்டிய பாஷாணமும் நீரில் கலக்கிறது. தொழிற்சாலையோ, பூச்சிமருந்தோ இதற்குக் காரணமன்று; மண்ணின் இயல்பே காரணம்.

எங்கே ஆழக் கிணறு தேவை, எந்த ஜில்லாவில் முதலில் வேலை தொடங்க வேண்டும், எங்கே அச்சமின்றியிருக்கலாம் என்பவற்றை இப்படம் தெளிவாகக் காட்டிற்று. சர்க்காருக்கு இது பேருதவி.

படம் சொல்லாதது

ஆனால் தன் வீட்டு முற்றத்தில் பம்பு வைத்திருக்கும் குடியானவருக்கு இப்படம் என்ன சொல்லும்? அவர் வாழும் பகுதியில் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்று படம் காட்டுவதாகக் கொள்வோம். அங்குள்ள கிணறுகளில் பாதி நல்லவை, பாதி கெட்டவை என்பதே அதன் பொருள். தம்முடையது எந்தப் பாதியைச் சேர்ந்ததென்று அவர் படத்தைப் பார்த்து அறிய முடியாது.

டாக்காவுக்குக் கிழக்கேயுள்ள ஆராய்ஹஜார் வட்டத்தில் நடந்த ஆராய்ச்சி இதை ஐயமின்றி நிலைநாட்டிற்று. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் வங்காள தேசத்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, 25 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பகுதியிலிருந்த சுமார் 6,000 கிணறுகளையும் ஒன்றுவிடாமல் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கும் குறைவான கிணறும், 900 மைக்ரோகிராம் உள்ள கிணறும் அச்சிறு பரப்பிலேயே இருந்தன. சில ஊர்களில் நல்ல கிணறு ஒன்றுகூட இல்லை. வேறு சில ஊர்களில் அநேகமாக எல்லாம் நல்லவை. ஆழத்தைப் பொறுத்தும் வேறுபாடு மிகுதி. 8 முதல் 10 மீட்டர் ஆழத்தில் நூற்றுக்கு 25 கிணறுகள் வரம்பை மீறின. 15 முதல் 30 மீட்டரில் நூற்றுக்கு 75 மீறின. 90 மீட்டர், அதாவது சுமார் 300 அடி ஆழத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாயிற்று.

இதில் அச்சமும் உண்டு, ஆறுதலும் உண்டு. பக்கத்துக் கிணறு நல்லதாயிருப்பதால் தன் கிணறும் நல்லதென்று நம்பலாகாது என்பது அச்சம். தன் கிணறு கெட்டதாயினும் நடந்து செல்லும் தூரத்தில் நல்ல கிணறு ஒன்று இருக்கக்கூடும் என்பது ஆறுதல். அப்பகுதியில் கெட்ட கிணறுடையோரிற் பெரும்பாலோர்க்கு 100 மீட்டருக்குள்ளேயே நல்ல கிணறு இருந்தது. சோதனை செய்து தெரிவித்தவுடன் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வேறு கிணற்றுக்கு மாறினர். நல்ல கிணறு எவ்வளவு அருகில் இருந்ததோ அவ்வளவுக்கு மாறியோரும் மிகுந்தனர். பெரிய இயந்திரமோ பெருஞ்செலவோ இன்றி, ஒரு செய்தியாலேயே இத்துணைப் பயன் விளைந்தது.

நாடெங்கும் 2000 முதல் 2003 வரை ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சிறு சோதனைப் பெட்டிகளைக் கொண்டு பார்க்கப்பட்டன. நீரில் துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் பாஷாணம் ஆவியாக வெளிப்பட்டு, மருந்து தோய்ந்த காகிதத்தை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றும். நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளவை மதிப்பிடலாம். கெட்ட கிணற்றின் வாய்க்குச் சிவப்பு வர்ணமும் நல்லதற்குப் பச்சை வர்ணமும் பூசப்பட்டன. சிவப்பு பெற்றவை சுமார் 14 லட்சம். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய படம் அதுவே. ஆயினும் சில ஆண்டுகளில் வர்ணம் மங்கிற்று. அதன்பின் புதிதாக இறக்கப்பட்ட கிணறுகள் பல சோதிக்கப்படாமலே பயன்பட்டன. ஒருமுறை சோதித்தால் போதுமென்பது தவறென்று இதனால் விளங்கும்.

நோயையும் நீரையும் இணைத்தல்

ஓர் ஊரில் நீரும் கெட்டது, நோயும் மிகுதி என்று படம் காட்டினால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமென்று முடிவு செய்யலாகாது. ஊரின் சராசரி வேறு. ஒவ்வொருவரும் பருகிய நீர் வேறு. ஆதலின் ஆராய்ஹஜாரில் 2000ஆம் ஆண்டு முதல் சுமார் 12,000 பேரைத் தனித்தனியே பதிந்து, அவரவர் கிணற்று நீரையும் மூத்திரத்தையும் சோதித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2010இல் வெளியான முடிவின்படி, அவர்களிடையே நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பருகியதன் பயனெனக் கணக்கிடப்பட்டது. படம் ஐயத்தை எழுப்பும். ஆள்வாரியான கணக்கே அதை உறுதிப்படுத்தும். லண்டனில் ஜான் ஸ்நோவும் வீடுவீடாகச் சென்று விசாரித்த பின்னரே பம்பைக் குறைகூறினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வயலிலும் பாஷாணம்

குடிநீரோடு இக்கேடு நிற்பதில்லை. வங்காள தேசத்தில் கோடையில் விளையும் போரோ நெல்லுக்குக் குழாய்க் கிணற்று நீரே பெரும்பாலும் பாய்கிறது; அந்நாட்டு நெல் விளைச்சலில் பாதிக்கு மேல் இப்போகத்தது. ஒரு போகத்துக்கு ஒரு மீட்டர் உயரம் நீர் பாய்வதாகவும், அந்நீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் பாஷாணம் உள்ளதாகவும் கொண்டால், ஒரு ஹெக்டேருக்கு ஒரு கிலோகிராம் பாஷாணம் ஆண்டுதோறும் வயலில் வந்து சேரும். மழைக்காலத்து வெள்ளம் இதில் ஒரு பகுதியைக் கரைத்துச் செல்கிறது. மீதி மண்ணில் தங்குகிறது.

பரீத்பூர் ஜில்லாவில் ஒரே கிணற்று நீர் பாயும் பரப்பில் நடந்த ஆராய்ச்சி 2009இல் வெளியாயிற்று. நீர் வந்து விழும் மடைக்கு அருகில் மண்ணில் பாஷாணம் மிகுந்தும், தொலைவில் குறைந்தும் இருந்தது. குறைந்த இடத்தில் ஹெக்டேருக்கு 7 முதல் 9 டன் விளைந்த நெல், மிகுந்த இடத்தில் 2 முதல் 3 டன்னாகச் சுருங்கிற்று. பாஷாணம் ஏறிய மண்ணில் கதிர் பால் பிடியாமல் பதராகி, கனமின்றி நிமிர்ந்தே நிற்பதுண்டு. உரக்குறைவென்றோ பூச்சியென்றோ எண்ணி மருந்திடுவதால் பயனில்லை. மடையிலிருந்து கடைக்கோடி வரை வயலைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மண் மாதிரி எடுத்துப் படத்தில் குறித்தாலே உண்மை புலப்படும்.

பரிகாரமும் நீர்ப்பாய்ச்சலிலேயே உள்ளது. வயலில் எப்போதும் நீர் தேங்கி நின்றால் மண்ணில் காற்றில்லாமல் பாஷாணம் கரைந்து வேரில் ஏறும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மண்ணில் காற்றுப் புகுந்து, பாஷாணம் மறுபடி இரும்புத் துருவில் ஒட்டி நிற்கும், நீர்ச்செலவும் குறையும். எனினும் காட்மியம் என்னும் வேறொரு நஞ்சு மண்ணில் உள்ள இடங்களில் இம்முறையால் அது நெல்லில் ஏறக்கூடும். ஆதலின் மண்ணைச் சோதித்தபின் செய்வதே நலம். ஆற்று நீரோ, ஏரி நீரோ கிடைக்குமிடத்தில் அதைப் பாய்ச்சுதல் இன்னும் சிறந்தது.

படம் யாருக்காக

ஆழக் கிணறு இறக்குவது செலவு மிகுந்த காரியம், ஒரு குடும்பத்தால் இயலாது, சர்க்காரின் பொறுப்பு. எங்கே சிவப்புக் கிணறுகள் நெருங்கி, பச்சைக் கிணறு தொலைவிலுள்ளதோ அங்கேயே ஆழக் கிணறு இறக்கப்பட வேண்டும். ஆனால் பிற்காலத்தில் ஆராய்ஹஜாரின் கிணறுகளை மறுபடி படத்தில் குறித்துப் பார்த்தபோது, ஆழக் கிணறுகள் சில இடங்களில் ஒன்றுக்கருகில் ஒன்றாகக் குவிந்தும், தேவைமிக்க பல இடங்கள் வெறுமையாகவும் இருந்தமை தெரிந்தது. செல்வாக்குடையோர் வீட்டருகே கிணறு அமைந்ததே இதற்குக் காரணமென்று சுட்டப்பட்டது. அதே தொகையான கிணறுகளைப் படத்தின்படி பரப்பி அமைத்திருந்தால் பன்மடங்கு மக்கள் பயனடைந்திருப்பர். நோயையும் நீரையும் காட்டிய அதே படம், நீதி எங்கே தவறிற்று என்பதையும் காட்டிவிட்டது.

தமிழ்நாட்டு நிலைமை

தமிழ்நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்கது ப்ளோரைடு என்னும் உப்பினால் வரும் கேடு. பற்கள் கறைபட்டு, எலும்புகள் இறுகும் இந்நோய் 1937இல் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் விவரிக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் பாறைக் கிணறுகளிலும் இவ்வுப்பு மிகுதியாக உண்டு. அதனாலேயே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொணரும் திட்டம் அமைந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இங்கும் கேடு பாறையின் இயல்பால் வருவது. இங்கும் நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடாது. இங்கும் ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு வேறுபாடு உண்டு.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. புதிய ஆழ்குழாய்க் கிணறு இறக்கியவுடன், பருகுவதற்கு முன், நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்தல் வேண்டும். பழைய கிணற்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிப்பது நலம்.

2. கிணற்றின் ஆழம், இறக்கிய ஆண்டு, வெளிவந்த மண்ணின் நிறம் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். ஆழம் தெரியாத கிணற்றின் சோதனை பாதிப் பயனே தரும்.

3. காய்ச்சுவதால் பாஷாணமும் ப்ளோரைடும் நீங்கா. நீர் சுண்டச் சுண்ட அவை மிகும். காய்ச்சுதல் கிருமிகளுக்கு மட்டுமே பரிகாரம்.

4. கிணறு கெட்டதென்று தெரிந்தால் அதை மூடிவிடத் தேவையில்லை. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படுத்தலாம். பருகவும் சமைக்கவும் மட்டும் நல்ல கிணற்று நீரை எடுத்தல் வேண்டும்.

5. தன் கிணற்றின் சோதனை முடிவை அயலாருக்கும் பஞ்சாயத்துக்கும் தெரிவித்தல் வேண்டும். ஒருவர் மறைத்த கணக்கால் ஊர்ப் படமே பழுதாகும்.

வங்காள தேசத்தின் அநுபவம் கற்பித்த பாடம் சுருக்கமானது. படம் நாட்டுக்கு வழிகாட்டும். கிணற்றுக்குச் சோதனையே வழிகாட்டும். படமின்றிச் சோதிப்பவர் எங்கே தொடங்குவதென்று அறியார். சோதனையின்றிப் படத்தை மட்டும் நம்புபவர் தம் வீட்டு நீரை அறியார். இரண்டும் சேர்ந்தவிடத்தில், ஒரு துளி வர்ணமும் நூறு மீட்டர் நடையும் ஓர் உயிரைக் காத்துவிடும்.